ஆரஞ்சு மிதவையின் கீழ் அனைவரும் சமம்

மனித குலத்தைக் கைதூக்கிவிட்டவை மூன்று: நெருப்பு, சக்கரம், மிதவை. இவற்றில் நெருப்பு அடுப்போடு நின்றுவிட்டது. சக்கரம் பசிபிக் கடல் நடுவே கிடக்கும் எங்கள் டோக்கெலாவ் தீவில் எடுபடவில்லை; வண்டியில் ஏறி உட்கார்ந்து சட்டையைச் சரிசெய்துகொள்வதற்குள் தீவு முடிந்துவிடும். எஞ்சியிருப்பது மிதவை. நாகரிகத்தின் உச்சி அதுதான் என்று நான் சொன்னால், மறுக்க விரும்புகிறவர்கள் தாராளமாக நேரில் வந்து மறுக்கலாம். கப்பல் எப்போதாவது வரும்.

நான் சகாயோ. ஊரில் பங்கு கூவுகிறவன். படகுகள் கொண்டுவரும் மீனெல்லாம் கடற்கரையில் ஒரே குவியலாக விழும். நான் வீட்டுப் பெயரைக் கூவுவேன். தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரியும். பிடித்தவனுக்கும் அதே பங்கு, வீட்டில் படுத்துக் கிடந்தவனுக்கும் அதே பங்கு, பல் முளைக்காத குழந்தைக்கும் அதே பங்கு. அன்று தீவில் கால் வைத்த விருந்தாளிக்கும் உண்டு. நான் கூவும்வரை குவியலை யாரும் தொடக்கூடாது. கூவியபின் அடுத்தவர் பங்கை யாரும் தொடக்கூடாது. தொட்டால் ஊரே சேர்ந்து ஒரு சொல்லைச் சொல்லிக் கத்தும். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதப் போவதில்லை. என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் அதைக் கேட்டிருக்கிறேன்; அதுவும் ஒரு பூனையைப் பார்த்துச் சொன்னது.

அந்த இருண்ட காலத்தில் எங்களிடம் இருந்த மிதவைகள் வெறும் மரத்துண்டுகள். கட்டைவிரல் பருமன், நுனியில் கொஞ்சம் சிவப்புச் சாயம், தூண்டில் கயிற்றில் ஒரு முடிச்சு. மீன் கடித்தால் மிதவை முழுகும். நாங்கள் இழுப்போம், சுடுவோம், தின்போம். இதை வளர்ச்சி என்று நம்பிக்கொண்டு பல தலைமுறை வாழ்ந்துவிட்டோம் என்பதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

எங்களைக் கரையேற்ற வந்தவன் கலோலோ. என் மனைவி சுலியாவின் கூடப்பிறந்த தம்பி. படிக்கப் போன இடத்தில் படித்து முடித்து, 'மிதவை வழி மேம்பாட்டு இயக்கக'த்தில் 'தீவு ஒருங்கிணைப்பாளர்' ஆகி, கழுத்தில் அடையாள அட்டையோடு திரும்பி வந்தான். தீவில் அவனைத் தெரியாதவர்கள் யாருமில்லை. இருந்தும் குளிக்கும்போதுகூட அட்டையைக் கழற்றமாட்டான்.

அப்போது எங்கள் வீட்டில் கல்யாண வேலை நடந்துகொண்டிருந்தது. என் மகள் லெபேக்காவைப் பக்கத்துத் தீவில் கொடுப்பதாகப் பேச்சு முடிந்திருந்தது. பக்கத்துத் தீவுக்காரர்களைப் பற்றி நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் நல்லவர்கள், ஆனால் ஞாபகசக்தி அதிகம். பன்றி எத்தனை வெட்டினாலும், சீமைப்பலா எத்தனை சுட்டாலும், விருந்தில் மீன் குறைந்தால் பேரன் பேத்தி எடுத்தபிறகும் சொல்லிக் காட்டுவார்கள். என் மகள் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாழ வேண்டியவள். எனவே இந்தக் கல்யாணத்தில் எனக்கு ஒரே கவலைதான் இருந்தது: மீன்.

கலோலோ ஊர்க் கூடத்தில் பாயை விரித்து, அதன்மேல் அந்தப் பொருளை வைத்தான். இளநீர்க் காய் அளவுதான் இருக்கும். ஆரஞ்சு நிறம். தலையில் வெயிலைக் குடிக்கும் கண்ணாடி, அடியில் ஒரு கறுப்புக் கண். பக்கத்தில், சுவரில் மாட்டுவதற்கு ஒரு பெரிய திரை. பெரியவர் சபைத் தலைவர் ஃபெலேட்டி மிதவையைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இது என்னப்பா செய்யும்?"

"கீழ எத்தனை மீன் இருக்குன்னு எண்ணிச் சொல்லும், பெரியவரே."

"பிடிக்குமா?"

"பிடிக்கிறதெல்லாம் பழைய பாணி. இது தெரிவிக்கும். எங்க இயக்குநர் ஐயா அடிக்கடி சொல்லுவாரு: தெரிஞ்சதெல்லாம் கிடைச்சது."

"முள்ளு எங்க?"

"முள்ளு கிடையாது."

"அப்ப மீனு எதுக்குப் பயப்படும்?"

"பயமில்லாத மீன்வளம். அதான் திட்டத்தோட பேரே."

என் பக்கத்தில் இருந்த ஹேட்டோ, ஊரிலேயே நல்ல தூண்டில்காரன், என் காதில் சொன்னான்: "மீனுக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு, சகாயோ." நான் அவனை முறைத்தேன். மச்சானைப் பற்றி ஊரார் பேசினால் வீட்டில் எனக்குத்தான் சோறு கிடைக்காது.

மிதவையைப் பாறைத் திட்டுக்கு அப்பால் நங்கூரமிட்டார்கள். திரை பளிச்சிட்டது. பிறகு நாங்கள் கண்டதை என்னவென்று சொல்வேன்! சூரை. திரை கொள்ளாத சூரை மீன். வெள்ளிப் புள்ளிகள் மொய்த்தன, நெளிந்தன, பெருகின. கிழவிகள் கைதட்டினார்கள். போதகர் மட்டும் எழுந்து, இது ஞாயிற்றுக்கிழமையும் எண்ணுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கையைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று கலோலோ அந்த இடத்திலேயே வாக்களித்தான். நிர்வாகம் என்றால் இப்படித்தான் வளைந்து கொடுக்க வேண்டும்.

அப்போதுதான் ஃபெலேட்டி ஒரு தொண்டைச் செருமலோடு எழுந்தார். அவர் செருமினால் ஊரில் ஏதோ மாறப்போகிறது என்று பொருள்.

"மிதவை யாரோடது?"

"ஊருக்குச் சொந்தம்," என்றான் கலோலோ.

"ஊர்ச் சொத்து எண்ணின மீனு யாருக்குச் சொந்தம்?"

"ஊருக்குத்தான்."

"தெரிஞ்சதெல்லாம் கிடைச்சதுன்னு உங்க ஐயாவே சொல்லிட்டாரு. கிடைச்ச மீனை அன்னைக்கே பங்கு வைக்காம விட்டா நமக்கு மானக்கேடு. சகாயோ, கூவுப்பா."

கூவினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய பங்கைக் கூவியதில்லை. திரைக்கு முன்னால் நின்று, வீடு வீடாக, தலை தலையாக, ஆளுக்கு இத்தனை சூரை என்று பிரித்தேன். வழக்கப்படி எல்லாரும் ஓலைக்கூடையோடு வந்தார்கள். வாங்கிக்கொண்டு, வெறுங்கூடையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்து, பொறுப்போடு வீட்டுக்குப் போனார்கள். அதில் பாரம் இருப்பதுபோல் ஹேட்டோ மட்டும் கொஞ்சம் தள்ளாடினான். அவன் குசும்பு ஊரறிந்தது.

மறுநாள் காலை அதே ஹேட்டோ படகைத் தள்ளப் போனவன், தண்ணீரில் பாதி இறங்கி நின்றுவிட்டான்.

"சகாயோ, இங்க வா. நான் போடுற தூண்டில்ல கடிக்கிற மீனு என்னோடதுதான்னு எனக்கு நீ வாக்குக் குடுப்பியா?"

"அதெப்படிய்யா குடுக்க முடியும்? உள்ள எல்லாம் கலந்துல்ல கெடக்கு!"

"நேத்து நீதானே கூவின. அது போதகர் வீட்டு மீனா இருந்துட்டா?"

நான் யோசித்தேன். கூவிய பங்கு கூவியதுதான். கடலில் இருக்கும் ஒவ்வொரு சூரைக்கும் இப்போது ஒரு வீடு உண்டு. எது எந்த வீடு என்பதுதான் தெரியாது. ஹேட்டோ படகைத் திரும்ப மணலுக்கு இழுத்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் இழுத்தார்கள். அந்தப் பூனையைப் பார்த்துக் கத்திய சொல்லைத் தன்னைப் பார்த்துக் கத்தக் கேட்க எந்த மனிதனும் விரும்பமாட்டான்.

இப்படியாக எங்கள் தீவில் மீன்பிடிப்பு நின்றது. இதைக் குறை என்று நினைப்பவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. கலோலோ இதற்குத் 'தன்னார்வப் பிடிப்பு விலக்கு' என்று பெயரிட்டு மேலிடத்துக்குச் சொன்னான். மேலிடம் கைதட்டியதாக வானொலிப் பெட்டியில் சேதி வந்தது. உற்சாகத்தில் 'பழைய மிதவை ஒப்படைப்பு விழா' நடத்தினான். வீட்டுக்கு வீடு மர மிதவைகளை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஆரஞ்சு நிறத் தொப்பி கொடுத்தான். அந்தத் தொப்பிகள் தண்ணீரில் போட்டால் முழுகின. ஆனால் மீன் கடிக்காமலே முழுகின என்பதால் அவற்றை முன்னேற்றம் என்றே கொள்ள வேண்டும்.

ஊர் தேங்காயும் சீமைப்பலாவும் தின்று, மாலையானால் திரை முன்னால் கூடியது. அவரவர் மீனை அவரவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்த மூலைல போறது எங்க வீட்டுது. நடையைப் பாத்தாலே தெரியுது."

"உங்க வீட்டுதா? கொழுத்துல்ல போகுது. எங்க வீட்டுதைத் தின்னிருக்கும்!"

"இந்தா, வாயை அளந்து பேசு. எங்க மீனு மத்தவங்க பங்கைத் தொடாது."

ஹேட்டோ தன் சூரைகளில் இரண்டைக் கொடுத்து ஒரு விடைக்கோழி வாங்கினான். கோழியைத் தின்றுவிட்டு, விற்ற மீன்கள் சுகமாக இருக்கின்றனவா என்று தினமும் விசாரித்தான். கோழியைக் கொடுத்த வீட்டார் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

என் வீட்டில்தான் காற்று மாறியது. ஒரு நாள் சுலியா சட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"பங்கு பங்குன்னு கூவுறியேய்யா, இதுல என்னத்தைப் போட?"

"சுலியா, நம்ம பங்கு கடல்ல பத்திரமா இருக்கு."

"அப்ப அந்தத் திரையைக் கழட்டிட்டு வா. உப்புப் போட்டு வேக வைக்கிறேன்."

லெபேக்கா சிரிக்கவில்லை. கல்யாணப் பாயில் கடைசி வரிசையை முடைந்துகொண்டிருந்தவள், ஓலையைக் கீழே வைத்தாள்.

"மாமா, உண்மையைச் சொல்லு. என் மாமியார் வந்து உக்காந்தா இலையில என்ன இருக்கும்?"

கலோலோ அட்டையை நேராக்கிக்கொண்டான். "கண்ணு, கவலையே படாத. கல்யாணத்தன்னைக்கு இயக்குநர் ஐயாவே வர்றாரு. நம்ம தீவுக்கு விருது. அதுக்கு முன்னால 'சிறப்பு அறுவடை'ன்னு ஒண்ணு இருக்காம். கடல்ல இருக்கிற பங்கைக் கரைக்குக் கொண்டுவந்துருவாங்க. ஐயா வானொலில சொன்னாரு."

"கரைன்னா எந்தக் கரைன்னு சொன்னாரா?"

"அது... கரைன்னுதான் சொன்னாரு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மகள் எந்தக் கேள்வியையும் சும்மா கேட்கிறவள் இல்லை.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் ஒரு பெரிய வெள்ளைக் கப்பல் வந்தது. வலைக் கப்பல். எங்கள் கோயிலை அதன் மேல்தட்டில் வைத்தால் இன்னொரு கோயிலுக்கும் இடம் இருக்கும். சிறப்பு அறுவடை வந்துவிட்டது என்று ஊரே கரைக்கு ஓடியது. பெண்கள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். சுலியா இருக்கிற சட்டிகளையெல்லாம் கழுவிக் கரையில் வரிசையாக வைத்தாள். நான் தொண்டையைச் சரி செய்துகொண்டேன், கூவ வேண்டுமே.

கப்பல் எங்கள் ஆரஞ்சு மிதவையை நேராக வந்து கண்டுபிடித்தது. தேடவே இல்லை. சுற்றி ஒரு வட்டம் போட்டது, வலையைச் சுருக்கியது, தூக்கியது. கடலே எழுந்து நிற்பதுபோல் அவ்வளவு சூரை. அதன் உச்சியில் எங்கள் மிதவை. எல்லாம் கப்பலின் வயிற்றுக்குள் போயின. நாங்கள் பாட்டின் கடைசிச் சரணத்தில் இருந்தபோது கப்பல் ஒரு முறை ஊதிவிட்டு, திரும்பிப் போய்விட்டது.

சட்டிகளுக்கு நடுவே சுலியா நின்றாள். அப்போது ஊர்க் கூடத்திலிருந்து கலோலோவின் குரல் கேட்டது.

"அத்தான்! ஓடி வாங்க! ஒண்ணும் போகலை! மீனு ஒண்ணுகூடக் குறையலை!"

ஓடினோம். உண்மைதான். திரையில் மீன் நிரம்பி வழிந்தது. முன்பைவிட நெருக்கமாக இருந்தது.

"பாருங்க, எப்படிப் போகுது! ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு, ஒரே வேகத்துல, ஒரே திசையில! இவ்வளவு ஒழுக்கமான மீனை நான் பார்த்ததே இல்ல!"

"கப்பல் வயித்துக்குள்ள எந்த மீனும் ஒழுக்கமாத்தான்டா இருக்கும்," என்றான் ஹேட்டோ.

கலோலோவின் கை அட்டையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. வானொலிப் பெட்டியில் இயக்ககத்தை அழைத்தான். பதில் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். மிகத் தெளிவான, மரியாதையான பதில். தீவினர் பருவம் முழுக்க ஒரு மீனும் பிடிக்கவில்லை, பிடிக்காத மீன் தேவையில்லாத மீன், தேவையில்லாதது உபரி, உபரியை வீணாக்காமல் உரிமம் பெற்றவர்கள் எடுத்துக்கொள்வதற்கு 'உபரி மேலாண்மை' என்று பெயர். மிதவையின் எண்ணிக்கை முதல் நாளிலிருந்தே அந்தக் கப்பலின் திரையிலும் ஓடியது என்றும், இந்த வெளிப்படைத்தன்மைக்காகவே விருது என்றும் சொன்னார்கள். கலோலோ பெட்டியை மெல்ல வைத்தான். தான் கொண்டுவந்த மிதவை இரண்டு வீட்டுக்கு வேலை பார்த்தது அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது. பாவம், அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

"மிச்சம் இருக்கிறதையாவது பிடிப்போம், பெரியவரே. நாளைக்குக் கல்யாணம்," என்று ஃபெலேட்டியிடம் கெஞ்சினேன்.

அவர் செருமினார். "போனது யாரோட மீனுன்னு தெரிஞ்சாத்தானே, இருக்கிறது யாரோடதுன்னு தெரியும்?"

"அதை யாரு சொல்றது?"

"மிதவைதான் சொல்லணும்."

"மிதவையும் போயிடுச்சே!"

"அதான் யோசிக்கிறேன்."

சபை யோசிக்க உட்கார்ந்தது. யோசித்து முடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டுக் கப்பல் பாறைத் திட்டுக்கு வெளியே நின்று ஊதியது.

சம்பந்தியம்மாள் படகிலிருந்து இறங்கிய உடனே மூக்கை உயர்த்திக் காற்றை இழுத்தாள். "என்ன சம்பந்தி, மீன் வாசனையே காணோம்? உங்க ஊர்ல மீனு குளிச்சிட்டுத்தான் வருமோ?"

எனக்கு மணலுக்குள் நண்டாகப் போய்விடலாம் என்று இருந்தது. லெபேக்கா தலையில் பூவோடு, முகத்தில் ஒரு சொட்டு ரத்தமில்லாமல் நின்றாள்.

அதே கப்பலில் இயக்குநர் ஐயாவும் வந்தார். நல்ல சிவந்த மனிதர். எங்கள் மொழி தெரியாது. அவர் பேசுவதையெல்லாம் கலோலோ மொழிபெயர்க்க வேண்டும். ஒப்படைத்த மர மிதவைகளை எங்கள் பெண்கள் மாலையாகக் கோத்து அவர் கழுத்தில் போட்டார்கள். இனி இவரைக் கடலில் தள்ளினாலும் பயனில்லை என்று ஹேட்டோ வருத்தப்பட்டான். ஐயா பேசினார். பிடிக்காமலே வாழமுடியும் என்று உலகுக்குக் காட்டிய தீவு இது என்றார். கல்யாணப் பரிசாக இயக்ககம் அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகச் சூரை மீன் டின்கள் கொடுத்தது. பெட்டியின் பக்கத்தில் துள்ளுகிற ஒரு சூரை, அதன் தலைக்கு மேல் புன்னகைக்கும் ஒரு ஆரஞ்சு மிதவை.

சுலியா ஒரு டின்னை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நம்ம மீனா?"

"நேத்துப் போனது இன்னைக்கு டின்னுல வராதும்மா," என்றாள் லெபேக்கா.

"அப்ப நம்ம மீனுக்குச் சித்தப்பா முறை," என்று சொல்லிவிட்டு சுலியா டின்னை மரியாதையோடு கீழே வைத்தாள்.

வந்தது எதுவானாலும் பங்கு வைக்க வேண்டும். டின்களைக் கடற்கரையில் குவித்தோம். நான் கூவினேன். ஊருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் குழந்தைகளுக்கும் தலைக்கு ஒன்று, சமமாக. கடைசியில் கூவினேன்: "இயக்குநர் ஐயா, ஒரு பங்கு!"

ஐயா தட்டோடு வந்தார். நான் காலியான அட்டைப்பெட்டியைத் தூக்கி, அந்தப் படத்தை அவர் கண்ணுக்கு நேராகப் பிடித்தேன்.

"தெரியுதாங்களா?" என்றேன். கலோலோ மொழிபெயர்த்தான்.

தெரிகிறது என்றார்.

"வாலு?"

வாலும் தெரிகிறது என்றார்.

"தெரிஞ்சதெல்லாம் கிடைச்சது. பங்கு முடிஞ்சது!"

ஐயா இதை ஏதோ சடங்கு என்று எண்ணி, கைகூப்பி, கைதட்டி, வெறும் தட்டோடு ஹேட்டோவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். எல்லாரும் டின்னைத் திறந்தார்கள். மீன் வாசனை கிளம்பியது. ஐயா பார்த்தார். எச்சில் விழுங்கினார். ஹேட்டோ இரண்டு கையாலும் சீமைப்பலாவைப் பிய்த்துக்கொண்டிருந்ததால் அவன் டின் சும்மாதான் இருந்தது. ஐயாவின் கை மெல்ல நீண்டது. டின்னைத் தொட்டது, எடுத்தது.

முதல் குரல் சம்பந்தியம்மாளுடையது. அவர்கள் தீவிலும் பங்கு உண்டு, அந்தச் சொல்லும் உண்டு. இலையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று, அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மறுகணம் சுலியா, லெபேக்கா, மாப்பிள்ளை, ஃபெலேட்டி, போதகர், இரண்டு தீவும் சேர்ந்து ஒரே சொல்லைக் கத்தின. கத்தி முடித்ததும் சம்பந்தியம்மாள் என் மகளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்து, தன் டின்னிலிருந்து முதல் துண்டை அவளுக்கு ஊட்டினாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

இயக்குநர் ஐயா டின்னும் கையுமாகத் திகைத்து, தன் ஒருங்கிணைப்பாளரைப் பார்த்தார். இவ்வளவு உற்சாகமாக என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார்.

கலோலோ கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். பிறகு, அன்று காலை முழுக்கச் செய்தது போலவே, மிகவும் பணிவாக மொழிபெயர்த்தான்:

"'உபரி மேலாண்மை'ன்னு சொல்றாங்க, ஐயா."